அலுவலக இன்சூரன்ஸ், சொந்த இன்சூரன்ஸ் இரண்டும் இருந்தால் இரண்டிலும் க்ளெய்ம் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் வராது. ஒன்றில் போதாததை இன்னொன்றில் கேட்கலாம், அவ்வளவுதான். எதை முதலில் கேட்பது என்பது நம் விருப்பம்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு ஸ்டென்ட் (அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் குழாய்) வைத்தார்கள். பில் 4,38,000 ரூபாய். என் அலுவலக பாலிசியில் அவருக்கு 3 லட்சம் கவர். அவர் பெயரில் தனியாக 5 லட்சத்துக்கு ஒன்று, நாலு வருடமாகக் கட்டி வருகிறோம். அலுவலக பாலிசியை முதலில் காட்டினேன். அதில் கை வைத்தால் சொந்த பாலிசியில் க்ளெய்ம் செய்யாத வருடங்களுக்குச் சேர்ந்த போனஸ் குறையாது என்ற கணக்கு. அது 3 லட்சத்தோடு தீர்ந்துபோனது. இன்னொரு பாலிசி இருக்கிறது என்றதற்கு இன்சூரன்ஸ் டெஸ்க்கில், "கேஷ்லெஸ் ஒன்றுக்குத்தான் சார், மீதியைக் கட்டிட்டு வாங்கிக்குங்க" என்றார்கள். கேஷ்லெஸ் என்றால் நாம் கட்டாமல் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டுவது. முதல் கம்பெனியே அடுத்த கம்பெனியோடு பேசி மீதியைத் தீர்க்க உதவ வேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ 2024-லேயே சொல்லிவிட்டது. டிஸ்சார்ஜ் நேரத்தில் அதையெல்லாம் யாரிடம் போய்ப் பேசுவது? அம்மாவின் வளையலை வைத்து 1,38,000 கட்டினேன்.

உண்மையான பாடு அதற்குப் பிறகுதான். ஒரிஜினல் பில், ரிப்போர்ட், ஸ்டென்ட் பெட்டியில் இருந்து கிழித்து ஒட்டிய ஸ்டிக்கர் எல்லாம் முதல் கம்பெனிக்குப் போய்விட்டன. இரண்டாவது கம்பெனி அந்த ஒரிஜினலைத்தான் கேட்டது. ஆஸ்பத்திரிக்கு மறுபடி ஓடி, 60 பக்கத்துக்கு மேல் ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொன்றிலும் சீல் வாங்கினேன். பாதியில் சீல் மை தீர்ந்து, அந்தப் பெண் எச்சில் தொட்டுத் தொட்டு அழுத்தியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. கூடவே முதல் கம்பெனி எவ்வளவு கொடுத்தது, எதைக் கழித்தது என்று காட்டும் செட்டில்மென்ட் லெட்டர் கட்டாயம். அது எச்.ஆர். வழியாக என் கைக்கு வர மூன்று வாரம். ஆகவே டிஸ்சார்ஜ் அன்றே ஒரு முழு செட் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது கம்பெனிக்கும் அட்மிஷன் போட்ட உடனே ஒரு மெயில் தட்டிவிடுங்கள்.

கடைசியில் 1,20,600 வந்தது. மீதி 17,400 கையுறை, பஞ்சு, ரிஜிஸ்ட்ரேஷன், என் சாப்பாடு. இதற்கு எங்கள் இரண்டு பாலிசியிலும் இடமில்லை.

ஒரு விதிவிலக்கு: ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளுக்கு இவ்வளவு என்று தரும் ஹாஸ்பிடல் கேஷ், நோய் உறுதியானால் மொத்தமாகத் தரும் க்ரிட்டிகல் இல்னஸ் பாலிசிகளுக்கு பில் தொகையோடு சம்பந்தமில்லை. இரண்டு மூன்று வைத்திருந்தாலும் எல்லாவற்றிலும் வாங்கலாம்.

இதற்காக இன்னொரு முழு பாலிசி எடுக்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம் என்பேன். சூப்பர் டாப்-அப் பாருங்கள், பிரீமியம் மிகக் குறைவு. டிடக்டிபிள் என்பது அது தர ஆரம்பிக்கும் முன் செலவு தாண்ட வேண்டிய தொகை. 3 லட்சம் டிடக்டிபிள் என்றால் அந்த 3 லட்சத்தை நீங்கள் கட்டினாலும் சரி, அலுவலக பாலிசி கட்டினாலும் சரி, அதற்கு மேல் அது தரும். படிவத்தில் ஏற்கெனவே உள்ள பாலிசிகளையும் அப்பாவுக்கு சுகர் மாதிரி ஏற்கெனவே ஏதாவது நோய் இருந்தால் அதையும் மட்டும் மறைக்காமல் எழுதுங்கள்.