இரண்டாம் உலகப் போரில் சோவியத் 'சப்பர்' வீரர்கள் என்ன செய்தார்கள்? அவர்களில் பலருக்கு உயரிய பதக்கங்கள் கிடைத்தது ஏன்?

சப்பர் என்றால் போர்ப் பொறியியல் படைவீரர். கண்ணிவெடி புதைப்பது, எடுப்பது, பாலம் கட்டுவது, தகர்ப்பது எல்லாம் அவர் வேலை. கல்யாண வீட்டுப் பந்தல்காரர் மாதிரி, எல்லோருக்கும் முன்னால் வந்து கடைசியில்தான் கிளம்புவார். தாக்குதலுக்கு முந்தைய இரவில் வெடிகளுக்கு நடுவே தவழ்ந்து பாதை திறப்பார். பின்வாங்கும்போது படை கடந்ததும் பாலத்தைத் தகர்ப்பார்.

ஜெர்மானியர்களின் மரப்பெட்டிக் கண்ணிவெடிகளில் உலோகம் மிகக் குறைவு என்பதால் உலோகம் காணும் கருவியை முழுதாக நம்ப முடியாது. அப்புறம் என்ன, நீளக் கம்பியால் மண்ணை மெல்லக் குத்திப் பார்க்க வேண்டியதுதான். பயிற்சி பெற்ற மோப்ப நாய்களும் உதவின.

1943 இலையுதிர் காலத்தில் உக்ரைனின் தினீப்பர் ஆற்றைக் கடந்த போரில் 2,400-க்கும் மேற்பட்டோர் நாட்டின் மிக உயரிய பட்டமான 'சோவியத் யூனியனின் வீரர்' பட்டம் பெற்றார்கள். அவர்களில் சப்பர்களும் உண்டு. காலாட்படை வீரர் ஒருமுறை அக்கரை சேர்ந்தால் போதும். படகோட்டிய சப்பரோ குண்டுமழைக்குள் திரும்பி வந்து அடுத்த குழுவை ஏற்ற வேண்டும்!

சண்டை ஓய்ந்த பிறகு வெடி அகற்றுபவர்தான் சப்பர் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1943 ஜூலையில் ரஷ்யாவின் கூர்ஸ்க்கில் நடந்த போரில், ஜெர்மானியர்களின் முன்னேறி வந்த டாங்கிகளின் வழியிலேயே போய்க் கண்ணிவெடி வைத்தவர்களும் இவர்கள்தான்.