புளியந்தீவு உண்மையில் தீவுதானா? அங்கே காலநிலை மிதவெப்பமா? மக்கள் எப்படி?

ஆம், தீவேதான். இலங்கையின் கிழக்கிலுள்ள மட்டக்களப்பு நகரின் மையப்பகுதியான இதை, மட்டக்களப்பு வாவி என்ற கடல்நீரேரி நாற்புறமும் சூழ்ந்திருக்கிறது. பாலங்களைக் கடந்து பஸ்ஸில் வருபவர்களுக்கு அது தெரிவதில்லை. கோட்டைக் கொத்தளத்தில் ஏறி நின்றால் தெரியும். போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய அந்தக் கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கைப்பற்றினர்.

நீங்கள் மிதவெப்பமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, இது வெப்பமண்டலம். இங்கே குளிர்காலம் கிடையாது, மாரியும் கோடையும்தான். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று உடலை வறட்டிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து இங்கே இறங்குவதே காரணம். ஐப்பசி பிறந்தால் வாடைக்காற்று மழையைக் கொண்டுவரும். ஆண்டு மழையில் பெரும்பங்கு தை மாதத்துக்குள் பெய்துவிடும். அப்போது வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் குளங்களும் ஆறுகளும் நிரம்பி வாவிக்குள் பாய்கின்றன. வாவி கடலோடு கலக்கும், கோடையில் மணல் மூடிய முகத்துவாரத்தை வெட்டிவிடாவிட்டால் கரையோர வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்துவிடும். 1978 நவம்பர் 23 சூறாவளியை எங்கள் பெரியவர்கள் இன்றும் நடுக்கத்தோடுதான் சொல்கிறார்கள்.

மட்டக்களப்பு மாவட்டத்தின் மக்கள்தொகை 2012 கணக்கெடுப்பில் சுமார் 5 இலட்சத்து 26 ஆயிரம். நூற்றுக்கு 72 பேர் தமிழர், 25 பேர் முஸ்லிம்கள். நகரின் பறங்கியரையும், அதாவது ஐரோப்பிய வழிவந்தோரையும், மறந்துவிடாதீர்கள். அவர்களில் முதியோர் சிலரின் நாவில் போர்த்துக்கேயக் கலப்புமொழி இன்னும் உயிரோடிருக்கிறது. அதைக் கேட்க வாய்த்தால் தவறவிடாதீர்கள்.