கல்லறை இல்லாதவருக்கு நிறங்களால் ஓர் இடம்

கேள்வி: என் கணவர் 2017-ஆம் ஆண்டு ஒக்கிப் புயலின்போது கடலில் காணாமற்போனார். உடல் கிடைக்கவில்லை. மூன்று ஆண்டுகளாக, பழைய வலைத் துண்டுகள், சிப்பிகள், அவர் உடுத்திய சாரம், என் புடவைகள் ஆகியவற்றைப் பலகையில் ஒட்டியும் தைத்தும் வண்ணம் பூசியும் படங்கள் செய்து வருகிறேன். செய்யும்போது மனம் அடங்குகிறது. ஆனால் சில நாள்களில், முடித்ததும் அழுகை பீறிட்டு வருகிறது. ‘அவன் துணியை வெட்டலாமா, இத்தனை நிறம் உனக்கு எதற்கு’ என்று மாமியார் வருந்துகிறார். மகனோ விற்கலாம் என்கிறான். நான் செய்வது சரிதானா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்தூர் அருகே, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, கடிதத்துடன் நீங்கள் அனுப்பிய புகைப்படத்தை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நீலக் கட்டம் போட்ட சாரத்தின் கீற்றுகள் அலைகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் மேல் பச்சை நைலான் வலையின் ஒரு துண்டு இருக்கிறது. அந்த வலையில் ஓரிடம் கிழிந்து, வேறு நிற நூலால் பின்னப்பட்டிருக்கிறது. அந்தப் பின்னலை மறைக்காமல், அதைச் சுற்றி மஞ்சள் வண்ணம் தீட்டியிருக்கிறீர்கள். அது உங்கள் கணவரின் கைவேலை என்று நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் அந்த மஞ்சளைப் பார்த்ததும் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

முதலில் உங்கள் அழுகையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் கடிதத்தில் உங்களை மிகவும் அச்சுறுத்துவது அதுதான் என்று உணர்கிறேன். இறந்தவரின் முகத்தைப் பார்க்காமல், மண்ணள்ளிப் போடாமல், ‘திரும்பி வருவாரோ’ என்ற எண்ணத்தை முழுதாக விடவும் முடியாமல் வாழ்வதற்கு, பாலின் பாஸ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் ‘தெளிவற்ற இழப்பு’ என்று பெயரிட்டார். இவ்வகைத் துயரத்துக்கு முடிவு தேடி மனத்தை வருத்தக் கூடாது, அதோடு வாழ்வதற்கு ஒரு வழி கண்டால் போதும் என்பது அவருடைய கருத்து. கல்லறைத் திருநாளில் ஊரெல்லாம் கல்லறைகளைக் கழுவிப் பூவைத்து மெழுகுவர்த்தி ஏற்றும்போது, எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நின்றதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. நீங்கள் செய்யும் படம் அவருக்காக நீங்களே உண்டாக்கிய இடம். அங்கே போய்த் திரும்பும்போது கண்ணீர் வருவது இயல்பே.

அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமலும் அவருடைய குழுவினரும் 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 39 பேரை 45 நிமிடங்கள் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப்படப் பொருள்கள் ஆகியவற்றைக் கொண்டு விருப்பம்போல் எதையாவது செய்யச் சொன்னார்கள். முன்பின் உமிழ்நீரைச் சோதித்ததில், மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் நால்வரில் மூவருக்குக் குறைந்திருந்தது. கலைப் பயிற்சி இருந்ததா இல்லையா என்பது வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் எஞ்சிய கால் பங்கினரில் கார்ட்டிசால் கூடியதும் உண்டு என்பதை உங்களுக்காகவே குறிப்பிடுகிறேன்: ஒருநாள் கனத்த மனத்தோடு எழுந்தால், வேலை தவறாகிவிட்டது என்று பொருளில்லை.

இனி உங்கள் மாமியார். அவர் மகனை இழந்தவர் என்பதை மறக்காதீர்கள். அந்தச் சாரத்தில் அவருக்கும் பங்கு உண்டு. எனவே இதுவரை வெட்டியதற்காக வருந்த வேண்டாம், ஆனால் மீதமிருப்பதை அவரைக் கேட்காமல் வெட்டவும் வேண்டாம். ஒரு சாரத்தையும் ஒரு சட்டையையும் மடிப்புக் கலையாமல் அவரிடமே கொடுத்துவிடுங்கள். பிறகு ஒருநாள், ‘இந்தக் கீற்றை எங்கே வைக்கலாம், அம்மா?’ என்று அவரையே கேளுங்கள். நிறத்தைப் பற்றிய அவருடைய மனக்குறையில் மட்டும் என்னால் உடன்பட முடியாது. கணவனை இழந்தவள் நிறத்தை விலக்க வேண்டும் என்பது பெண்ணின் மேல் நாம் சுமத்திய வழக்கம். இழந்தவருக்கு அதனால் எந்த மரியாதையும் சேர்வதில்லை.

குமரிக் கடற்கரையின் பன்னிற மணலைப் பற்றி நம் மாவட்டத்தில் எந்த மதத்தவரும் அறிந்த கதை ஒன்று உண்டு. சுசீந்திரத்து இறைவனுக்கும் குமரி அம்மனுக்கும் நடக்கவிருந்த திருமணம் நின்றுபோனதால், விருந்துக்கு வைத்திருந்த அரிசியும் தானியங்களும் சமைக்கப்படாமலே மணலாயின என்பார்கள். செந்நிறத்துக்குக் கார்னெட்டும் கருமைக்கு இல்மனைட்டும் காரணம் என்று கனிமவியல் சொல்லும். எனக்கு இரண்டும் வேண்டும். நடக்காமற்போன ஒரு விருந்தை நம் முன்னோர் வெறுமையாக விடாமல் நிறமாக நினைவில் வைத்துக்கொண்டார்கள் என்பது, உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு எனக்குப் புதிதாகப் புரிகிறது.

‘படித்துப் பழகாத கை’ என்று எழுதியிருக்கிறீர்கள். சாந்திநிகேதனின் பெரும் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி, ஐம்பது வயதைக் கடந்தபின், கண்புரை அறுவை பலனளிக்காமல் பார்வையை முற்றிலும் இழந்தார். அதன்பின் வண்ணத் தாள்களைக் கத்தரித்து, கையால் தடவித் தடவி ஒட்டுப்படங்கள் செய்தார். 1972-இல் சாந்திநிகேதனின் கலைப்பள்ளியான கலாபவனத்தின் சுவரில் ஓடுகளால் பெரியதோர் சுவரோவியமும் அமைத்தார். தேர்ந்த அந்தக் கையும் ஒருநாள் தொடக்கத்துக்குத் திரும்பித் தடவித்தான் கற்றது.

விற்பனை குறித்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவருடைய துணி உள்ள எதையும் விற்காதீர்கள். சிப்பியும் வலையும் மட்டும் கொண்டு செய்தவற்றை, உங்களுக்கு மனமிருந்தால், உழைத்த நேரத்தையும் கணக்கிட்டு விலை வைத்து விற்கலாம். மகன் அதில் உதவட்டும்.

படங்கள் நீடிக்க வேண்டும் என்பதால் சில செய்முறைகளையும் சொல்லிவிடுகிறேன். சிப்பிகளைச் சில நாள்கள் நல்ல தண்ணீரில், தினமும் நீர் மாற்றி ஊறவைத்து, நிழலில் காயவைத்து ஒட்டுங்கள். இல்லாவிட்டால் உப்புப் பூத்து வெளிவரும். நைலான் வலையில் ஃபெவிகால் சரியாகப் பிடிக்காது, தைப்பதே மேல். சிவப்புத் துணியைப் பசை தடவும் முன் ஒருமுறை அலசிப் பாருங்கள், சாயம் பக்கத்துத் துணியில் இறங்கும். வெயில் நேராக விழும் சுவரில் எதையும் மாட்ட வேண்டாம்.

பல நாள்கள் உறக்கமின்றிப் போனாலோ, வேலையில் கை வைக்கவே மனம் வராமல் போனாலோ, உயிர்மீது வெறுப்பு எழுந்தாலோ, தாமதிக்காமல் 14416 என்ற டெலி மனஸ் இலவச மனநல உதவி எண்ணை அழையுங்கள். அதில் தமிழிலேயே பேசலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். மருத்துவரிடம் போகும்போது ஒரு படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். சொல்ல வராததை அது சொல்லத் தொடங்கும்.

வரும் கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று, வலைப் பின்னலுள்ள அந்தப் படத்தை வீட்டில் வைத்து, மாமியாரையும் மகனையும் அருகே அழைத்து மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். துணியும் நைலானும் சட்டென்று தீப்பற்றக் கூடியவை என்பதால், மெழுகுவர்த்தியை இரண்டு அடி தள்ளியே வையுங்கள்.