இன்னாருடைய மகள்

கேள்வி: எனக்கு வயது 29. தாத்தா ஓய்வு பெற்ற நீதிபதி. அப்பா பெயர்பெற்ற மூத்த வழக்கறிஞர். நான்கு ஆண்டுகளாக அப்பாவிடமே ஜூனியராக இருக்கிறேன். நீதிமன்றத்தில் யாரும் என் பெயரைக் கேட்பதில்லை. ‘நீங்கள் இன்னாருடைய மகள்தானே?’ என்றுதான் கேட்கிறார்கள். என் வாதம் சற்றுச் சறுக்கினாலும், ‘அப்பாவே வந்திருக்கலாம்’ என்கிறார்கள். மனுக்கள் எழுதுவது எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் எழுந்து பேச வேண்டிய நாள்களில் காலையில் ஒரு வாய்கூட இறங்குவதில்லை. தொழிலை விட்டுவிட்டால் குடும்பத்துக்குத் துரோகம் செய்தவள் ஆகிவிடுவேனா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, சட்டம் பிடிக்கவில்லை என்று உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. மனு எழுதுவதைப் பற்றிச் சொல்லும்போது உங்கள் எழுத்தில் ஒரு மலர்ச்சியே தெரிகிறது. உங்களை வாட்டுவது ஒவ்வொரு நாளும் அப்பாவோடு சேர்த்து எடைபோடப்படுவதுதான். அதற்காகத் தொழிலையே விட்டுவிட அவசரப்படாதீர்கள்.

‘ஒரு பெரிய வழக்கில் வென்றுவிட்டால் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள்’ என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தால், அதையும் கைவிடுங்கள். 1915ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசை வில்லியம் பிராக்கும் அவருடைய மகன் லாரன்ஸ் பிராக்கும் பகிர்ந்துகொண்டார்கள். அப்போது மகனுக்கு வயது 25. படிகங்களில் பட்டுச் சிதறும் எக்ஸ் கதிர்களை விளக்கும் சமன்பாட்டைக் கண்டறிந்தவர் மகன்தான். ஆனாலும் அது தந்தையின் வேலை என்றே பலர் எண்ணிக்கொண்டார்கள். அந்த மனத்தாங்கல் லாரன்ஸுக்கு நெடுங்காலம் இருந்தது. நோபல் பரிசே அடக்காத பேச்சை ஒரு தீர்ப்பு அடக்கிவிடுமா? ஊர் பேசட்டும். அதை நிறுத்துவது உங்கள் வேலை அல்ல.

உங்கள் கையில் இருப்பது இடமாற்றம். வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளைகள் வேறொரு சீனியரிடம் தொழில் பழகுவது புதிதல்ல. அப்பாவின் கட்சிக்காரர்களும் அப்பாவின் பழைய வெற்றிகளும் இல்லாத ஓர் அலுவலகத்தில் ஓராண்டோ இரண்டாண்டோ இருந்து பாருங்கள். அங்கே நீங்கள் தவறு செய்தால் அது உங்கள் தவறாக மட்டும் இருக்கும். தொடக்கத்தில் வருமானம் குறையலாம். குறைந்தாலும் அதிலேயே செலவுகளைச் சமாளிக்கப் பாருங்கள். சொந்தக் காசு தரும் துணிச்சலை வேறு எதுவும் தராது.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது? ‘விலகுகிறேன்’ என்று தொடங்காதீர்கள். அவர் ஜூனியராக இருந்த நாள்களைப் பற்றிக் கேளுங்கள். நீதிபதியின் மகன் என்ற பெயரை அவரும் சுமந்துகொண்டுதானே அந்தக் கூடத்துக்குள் நுழைந்திருப்பார்! வெற்றி பெற்ற குடும்பங்களில் வென்ற கதைகளைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்; தோற்ற வழக்குகளும் தூங்காத இரவுகளும் பிள்ளைகளின் காதுக்கு வருவதே இல்லை. அந்தப் பாதிக் கதையோடு உங்களை ஒப்பிட்டுக்கொள்வது உங்களுக்கு நீங்களே இழைக்கும் அநீதி.

வேறு இடத்துக்குப் போன பிறகும் நீதிமன்றப் பேச்சு ஒத்துவரவில்லையா? சட்ட வரைவு, ஆய்வு, கற்பித்தல் என்று எழுத்தை நம்பி வாழும் வழிகள் இந்தத் துறையிலேயே உண்டு. துறையே வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அது துரோகம் ஆகாது. கியூரி தம்பதியின் மூத்த மகள் ஐரீன் பெற்றோர் வழியில் சென்று 1935இல் கணவருடன் சேர்ந்து வேதியியல் நோபல் பரிசு பெற்றார். இளையவர் ஈவ் இசைக்கும் எழுத்துக்கும் போனார். தாயின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் அந்த இளைய மகள்தான்.

காலையில் உணவு இறங்காததை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அது மாதக்கணக்கில் தொடர்கிறது என்றால் இந்த வாரமே ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். அப்பாவிடம் பேசுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.