'நடத்தை' யாருடையது?

கேள்வி: 1889-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில், கணவனுக்குப் பாஷாணம் (ஆர்சனிக்) கொடுத்துக் கொன்றதாக புளோரன்ஸ் மேபிரிக் என்பவளுக்குத் தூக்குத் தண்டனை விதித்த வழக்கைப் பற்றிப் படித்தேன். அவள் நிரபராதி என்று இன்றும் சிலர் வாதாடுகிறார்கள். நடத்தை கெட்ட ஒருத்திக்கு இத்தனை வக்காலத்து எதற்கு?
– வாசகர், குடியாத்தம்

பதில்: கொன்றாரா இல்லையா என்பதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் கேள்வியில் 'நடத்தை' என்று ஒரு சொல் இருக்கிறது. அதை விட்டுவிட்டு என்னால் மேலே போக முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் நன்னடத்தைச் சான்றிதழ் தருகிறார்கள். பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரே படிவம்தான். தொரப்பாடி மத்திய சிறையில் ஆயுள் கைதியை முன்விடுதலை செய்யும்போதும் நன்னடத்தையைப் பார்க்கிறார்கள். ஆனால் காலையில் டீக்கடையில் பேப்பரைப் பிரித்தால் அந்தச் சொல் பெண்ணை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறது. 'நடத்தையில் சந்தேகம்: மனைவி வெட்டிக் கொலை.' ஆற்காட்டிலிருந்து ஆம்பூர் வரை இந்தத் தலைப்பைப் படிக்காதவர் யார்? வெட்டியவன் கணவன், செத்துக் கிடப்பவள் மனைவி, ஆனால் தலைப்பில் வரும் நடத்தை செத்தவளுடையது! கணவன் கொன்றாலும் அவள் நடத்தைதான் செய்தி. அவள் கொன்றதாக வழக்கு வந்தாலும் அவள் நடத்தைதான் செய்தி. கையில் அரிவாளோடு நின்றவனின் நடத்தையைப் பற்றி ஒரு வரி கிடையாது. அவன் மனதில் இருந்த சந்தேகத்தை அப்படியே வாங்கித் தலைப்பாக்குகிறோம், அவள் எழுந்து வந்து மறுக்க முடியாது என்ற தைரியத்தில்.

இந்த மாதிரித் தலைப்பு நம் பத்திரிகையில் வராது என்று முடிவெடுத்தபோது, ஏஜென்ட் ஒருவர் அலுவலகத்துக்கே வந்து சத்தம் போட்டார், விற்பனை படுத்துவிடும் என்று. அவருக்கும் எனக்கும் இன்றுவரை பேச்சு சரியில்லை. 'கள்ளக்காதல்', 'உல்லாசம்' இரண்டையும் அன்றைக்கே தூக்கி எறிந்தோம். திரும்ப எடுக்கும் எண்ணம் இல்லை.

இனி லிவர்பூல். ஜேம்ஸ் மேபிரிக் பருத்தி வியாபாரி. 1881-இல் கல்யாணம் நடந்தபோது அவருக்கு 42 வயது. அமெரிக்காவில் பிறந்த புளோரன்ஸுக்கு 18. ஜேம்ஸ் 1889 மே 11-ஆம் தேதி இறந்தார். அதற்கு முந்தின மாதம் புளோரன்ஸ், பாஷாணம் ஏற்றிய ஈக் கொல்லித் தாள்களைக் கடையில் வாங்கித் தண்ணீரில் ஊறவைத்திருந்தார். முகத்துக்குப் பூசிக்கொள்ள என்றார். அவருக்கு வேறொருவரோடு தொடர்பு இருந்தது. அந்த ஆளுக்கு அவர் எழுதிய கடிதத்தைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா பிரித்துப் படித்துவிட்டார். அதன் பிறகு புளோரன்ஸ் தொட்ட கிண்ணமெல்லாம் விஷக் கிண்ணமாகத் தெரிந்தது.

ஆனால் உடலில் கிடைத்த பாஷாணம் ஓர் ஆளைக் கொல்லும் அளவுக்கும் குறைவு. ஜேம்ஸோ பாஷாணத்தையும், எட்டிக்கொட்டையில் இருக்கும் ஸ்ட்ரிக்னைன் விஷத்தையும் பலம் தரும் மருந்தென்று வருடக்கணக்காக விழுங்கி வந்தவர். சாவு பாஷாணத்தாலா, வயிற்று அழற்சியாலா என்பதில் கூண்டில் ஏறிய மருத்துவர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் சத்தியம் செய்து சாட்சி சொல்ல அன்றைய இங்கிலாந்துச் சட்டம் அனுமதிக்கவில்லை. அந்த உரிமை 1898-இல்தான் வந்தது. சத்தியம் இல்லாத ஒரு வாக்குமூலம் மட்டும் கொடுத்தார். ஜேம்ஸுக்கும் ஒரு தொடுப்பு இருந்தது, அதன் வழியில் பிள்ளைகளும் இருந்தார்கள். குடியாத்தம் வாசகரே, அவரை நடத்தை கெட்டவர் என்று நீங்கள் எழுதவில்லையே!

நீதிபதியின் பெயரைக் கேட்டால் சத்துவாச்சாரி கோர்ட் வக்கீல்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தை வரைந்தவர் அவர்தான். வடாற்காட்டுக்குச் சித்தூர் தலைநகராக இருந்த காலத்திலிருந்து 2024 ஜூன் 30 வரை, நம் மாவட்டத்துக் கொலை வழக்குகள் அவர் வகுத்த பிரிவுகளின்படிதான் நடந்தன. அதில் 54-ஆவது பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவரின் கெட்ட குணம் வழக்குக்குச் சம்பந்தமற்றது என்கிறது. தன் நல்ல குணத்துக்கு அவரே சாட்சி கொண்டுவந்தால்தான் அந்தப் பேச்சை எடுக்கலாம். நோக்கத்தைக் காட்ட 8-ஆவது பிரிவு இருக்கிறதே என்று வக்கீல் நண்பர்கள் சொல்வார்கள். சரி, கடிதம் நோக்கத்தைக் காட்டட்டும். பாஷாணத்தால்தான் செத்தார் என்று அந்தக் கடிதம் எப்படிக் காட்டும்?

நமக்கு அப்படி எழுதித் தந்த மனிதர், தன் ஊரில் இரண்டு நாள் ஜூரிக்கு எடுத்துச் சொன்னபோது அந்தப் பெண்ணின் கள்ள உறவை விடாமல் பிடித்துக்கொண்டார். ஜூரியில் 12 பேரும் ஆண்கள். முக்கால் மணி நேரத்துக்குள் குற்றவாளி என்று சொல்லிவிட்டார்கள். வெளியே கூடியிருந்த ஜனங்கள் நீதிபதியின் வண்டியைச் சூழ்ந்துகொண்டு கூச்சலிட்டார்கள். மேல்முறையீட்டுக்கும் வழியில்லை. அதற்கென ஒரு நீதிமன்றம் 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது.

கடைசியில் உள்துறை அமைச்சர் தூக்கை ஆயுளாகக் குறைத்தார். அவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். கொல்லும் எண்ணத்தோடு விஷம் கொடுத்தது உறுதி, ஆனால் அந்த விஷத்தால்தான் சாவு நேர்ந்ததா என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறதாம். சந்தேகம் இருந்தால் விடுதலை செய்வதுதானே முறை? கொலை முயற்சி என்று அவர் மீது வழக்கே நடக்கவில்லை. நடக்காத வழக்குக்கு ஆயுள் தண்டனை. புளோரன்ஸ் கொன்றார் என்று நிரூபிக்கப்படவில்லை என்பதே என் முடிவு.

விஷம் என்று பேச்சு வந்த பிறகு பாலாற்றை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வராது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றில் கலப்பது பற்றி நம் வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன் தொழிலால் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என்று காட்டும் பொறுப்பு ஆலைக்காரருடையது என்றது. மகத்தான தீர்ப்பு. அதே தீர்ப்பில் ஆலை ஒன்றுக்கு விதித்த மாசு அபராதம் 10,000 ரூபாய். எத்தனையோ ஊர்களின் கிணறு கெட்டதற்கு இவ்வளவுதான். நடத்தை, நடத்தை என்கிறோமே, ஆற்றில் கழிவைத் திறந்துவிட்டவர்களுக்கு அந்தச் சொல்லை எந்தப் பேப்பராவது தலைப்பில் போட்டதா?

வக்காலத்து எதற்கு என்று கேட்டீர்கள். புளோரன்ஸுக்காக வாதாடிய சார்லஸ் ரஸ்ஸல், 1894-இல் இங்கிலாந்தின் தலைமை நீதிபதியான பிறகும் அவரை விடச் சொல்லி அரசிடம் மன்றாடிக்கொண்டே இருந்தார். 1900-இல் ரஸ்ஸல் காலமானார். புளோரன்ஸை 1904-இல் வெளியே விட்டார்கள். 1941-இல் அமெரிக்காவில் ஏழையாக இறந்தார். தன் இரண்டு பிள்ளைகளையும் அவர் மறுபடி ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.