லிங் போவின் குரல்

அன்புள்ள ஐயா,

1963இல் ஹாங்காங்கில் எடுத்த ‘லவ் எடர்ன்’ படத்தை நண்பர் வீட்டில் பார்த்தேன். கதாநாயகன் லியாங் ஷான்போவாக நடித்த லிங் போ ஒரு பெண் என்பது படம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. ஏன் ஓர் ஆணையே போடவில்லை? ஒரே படத்தில் இவ்வளவு புகழ் என்றால், அதிர்ஷ்டக்காரிதான் இல்லையா?

– ச.

அன்புள்ள ச.,

அதிர்ஷ்டம் என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. லிங் போ சின்ன வயதிலேயே பெற்ற வீட்டைவிட்டு சீனாவின் ஷியாமென் நகரத்தில் வேறொரு குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டவர். ஹாங்காங் வந்து, பள்ளிக்கூடம் போகிற வயதில் ‘சியாவ் ஜுவான்’ என்ற பெயரில், தென்சீன மொழியான ஹொக்கியனில் எடுத்த படங்களில் நடிக்க ஆரம்பித்தார். தென்கிழக்கு ஆசியாவில் இருந்த ஹொக்கியன் மக்களை நம்பி, குறைந்த செலவில் அவசர அவசரமாக எடுத்த படங்கள் அவை. 1960 வாக்கில் அந்தச் சந்தை படுத்துவிட்டது. அப்புறம் கொஞ்ச நாள், ஹாங்காங்கில் பேசும் காண்டனீஸ் மொழிப் படங்கள். நீங்கள் பார்த்த படத்தை எடுத்த ஷா பிரதர்ஸ் கம்பெனிக்கு வந்தபோது பத்து வருடம் உழைத்து முடித்திருந்தார்.

அங்கேயும் முதலில் கிடைத்தது பின்னணி பாடுகிற வேலைதான். 1962இல் வந்த ‘சிவப்பு மாளிகைக் கனவு’ படத்தில் நாயகன் வேடத்தில் இன்னொரு நடிகை நடிக்க, குரல் மட்டும் இவருடையது. அந்தச் சமயத்தில் போட்டிக் கம்பெனியான கேத்தே, நீங்கள் பார்த்த இதே லியாங்–சூ காதல் கதையை எடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தது. முந்திக்கொள்ள ஷா பிரதர்ஸ் அதே கதையை இயக்குநர் லி ஹான்-ஷியாங்கிடம் கொடுத்தது. அவர் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, அதற்கு உரியவரையே நாயகனாக்கினார்.

ஏன் ஆணைப் போடவில்லை என்கிறீர்கள். பெண்களே ஆண் வேடம் கட்டும் யுவே என்ற சீன இசை நாடகக் குழுக்கள் இந்தக் கதையை ஏற்கெனவே மேடையில் ஆடிவந்தன. பார்ப்பவர்களுக்கு அது பழகிய விஷயம்.

நீங்கள் பார்த்த வழியனுப்பும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஆண் வேடத்தில் படித்துவிட்டு ஊர் திரும்பும் கதாநாயகி சூ யிங்தாய், தான் பெண் என்பதைக் குறிப்பாலேயே சொல்லிக்கொண்டு போகிறாள். ஆற்றில் வாத்து ஜோடி. பெண் வாத்து உன்னைப் பார்த்துச் சிரிக்கிறது, நீ ஒரு மக்கு வாத்து என்கிறாள். லியாங்குக்குக் கோபம் வந்துவிடுகிறது: அப்படியானால் இனி என்னை அண்ணா என்று கூப்பிடாதே! அந்த இடத்தில் லிங் போ ஆண்பிள்ளை மாதிரி மார்பை நிமிர்த்துவதில்லை, குரலைத் தடிப்பாக்குவதும் இல்லை. வெள்ளை மனதுள்ள ஒரு பையனின் கோபம் மட்டும்தான் தெரிகிறது. பாட்டும் அவருடைய சொந்தக் குரல். சூவாக நடித்த லோ டிக்குப் பாடியவர் ட்சின் டிங்.

தைவானின் தைப்பே நகரமே இவரைப் பார்க்கத் தெருவில் திரண்டது. அந்த ஆண்டு கோல்டன் ஹார்ஸ் என்ற தைவான் திரைப்பட விருது விழாவில் சிறந்த நடிகை விருது லோ டிக்குப் போனது. ஆணாக நடித்த பெண்ணை எந்தப் பிரிவில் சேர்ப்பது? லிங் போவுக்கென்று ஒரு சிறப்பு விருதே கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே ‘ஹுவா முலான்’. பெண்ணாகப் பிறந்து ஆண் வேடத்தில் போருக்குப் போகிறவள். ஒரு படத்தோடு நின்றுவிட்டவர் இல்லை அவர். 1967க்குப் பிறகு வாள்வீச்சுப் படங்களும் ஆண் நாயகர்களும் ஷா பிரதர்ஸை நிறைத்தபோதுதான் பாட்டுப் படங்களின் காலம் முடிந்தது.

‘சிவப்பு மாளிகைக் கனவு’ கிடைத்தால் பாருங்கள். நாயகன் பாட ஆரம்பிக்கும்போது முகத்தை விட்டுவிட்டுக் குரலை மட்டும் கேளுங்கள். இந்த லியாங்கை அங்கேயே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.