வண்டிப் பட்டறை: கொண்டை ஊசி வளைவில் ஜிடி3 என்ன செய்யும்?

கே: போர்ஷே 911 கரேரா எஸ், 911 ஜிடி3 இரண்டில் எது மேலான கார் என்று எனக்கும் என் மச்சானுக்கும் ஒரு வாரமாகச் சண்டை. ஏற்காடு மலையில் ஏறவிட்டால் ஜிடி3 பக்கத்தில் கரேரா வரவே முடியாது என்கிறார். பந்தயம் ஒரு கூடை மல்கோவா. தீர்ப்புச் சொல்லுங்க.
– வாசகர், அஸ்தம்பட்டி

ப: கூடையை மச்சானையே வாங்கித் தரச் சொல்லுங்கள். இதே பந்தயத்தை அவர் சென்னைப் பக்கம் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கை வைத்துக் கட்டியிருந்தால் செலவு உங்களுடையதாகியிருக்கும்.

2021இல் வந்த ஜிடி3யையும், 911இன் அதே 992 தலைமுறையில் வந்த முதல் கரேரா எஸ்ஸையும் வைத்துப் பேசுவோம். கரேரா எஸ் எஞ்ஜின் 3 லிட்டர், இரண்டு டர்போ (எஞ்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் விசிறி), 450 பிஎஸ் (குதிரைத்திறன்). டார்க், அதாவது முறுக்கு விசை, 530 நியூட்டன் மீட்டர்; அது 2,300 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) முழுசாக வந்து 5,000 வரை அப்படியே நிற்கும். ஜிடி3 எஞ்ஜின் 4 லிட்டர், டர்போ கிடையாது, 510 பிஎஸ். அந்த 510ஐப் பார்க்க ஊசி 8,400ஐத் தொட வேண்டும். டார்க் 470தான், அதுவும் 6,100இல். கொண்டை ஊசி வளைவில் 20, 25 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பி வெளியே வரும்போது எஞ்ஜின் 3,000க்குக் கீழேதான் சுற்றிக்கொண்டிருக்கும். கரேரா எஸ்ஸுக்கு அது விருந்து. ஜிடி3க்கு அப்போதுதான் தூக்கம் கலைகிறது. 9,000 வரை ஏறக்கூடிய எஞ்ஜினுக்கு அடுத்த வளைவுக்குள் அவ்வளவு சாலை கிடைக்காது. ஜிடி3 சுமார் 80 கிலோ எடை குறைவு என்பதால் கொஞ்சம் ஈடுகட்டும், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயத்தை மச்சான் யோசித்திருக்க மாட்டார். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்குச் சற்று மேலே. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தில் இருப்பதில் 86 சதவீதம்தான். டர்போ இல்லாத எஞ்ஜின் தானாக உறிஞ்சும் காற்றை மட்டுமே நம்பியிருப்பதால், பவரும் ஏறக்குறைய அதே அளவுக்கு இறங்கும். 510இல் 86 சதவீதம் சுமார் 440 பிஎஸ். டர்போ எஞ்ஜினில் டர்பைன் கூடுதலாகச் சுற்றி, குறைந்த காற்றைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். ஆக, அடிவாரத்தில் 60 பிஎஸ் முன்னிலையோடு கிளம்பிய ஜிடி3, ஏரிக்கரைக்குப் போய்ச் சேரும்போது அந்த முன்னிலையைக் கிட்டத்தட்ட மொத்தமாக இழந்திருக்கும்.

பின்னால் இருக்கும் அந்தப் பெரிய இறக்கை? காற்று காரைத் தரையோடு அழுத்தும் விசை வேகத்தின் இருமடிப்படி கூடும், குறையும். 200 கிலோமீட்டர் வேகத்தில் கிடைக்கும் அழுத்தத்தில் 40 கிலோமீட்டரில் மிஞ்சுவது 25இல் ஒரு பங்கு. மலைப்பாதையில் அது வெறும் அலங்காரம்.

டயர் விஷயம் அலங்காரத்தோடு நிற்காது. ஜிடி3க்கு வழக்கமாக வருகிற மிஷலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 வகை டயர்கள் சூடானால்தான் பிடிக்கும். டிராக்கில் ஒரு சுற்று விரட்டினால் அந்தச் சூடு வந்துவிடும். மார்கழிக் காலையில், பனி இறங்கிய ஈரத் தாரில், பஸ்ஸுக்குப் பின்னால் 25இல் ஊர்ந்தால் வரவே வராது. பட்டன்களும் ஆழம் குறைவு, தண்ணீரை வெளியே தள்ளும் வாய்க்கால்களும் குறைவு. கரேராவின் சாலை டயர் அந்த நேரத்தில் தெளிவாகவே மேல். ஜிடி3 வைத்திருப்பவர் மழைக்காலத்தில் மலைக்குப் போவதாக இருந்தால், அதே அளவில் (முன்னால் 255/35 – 20 அங்குலம், பின்னால் 315/30 – 21 அங்குலம்) போர்ஷே அனுமதித்த சாலை டயர் ஒரு செட் மாட்டிக்கொள்வது நல்லது. சேர்வராயன் மலையில் இருட்டில் காட்டுமாடு குறுக்கே வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பஞ்சர் ஆனால் என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. கரேரா சக்கரத்தில் ஐந்து போல்ட், ஒவ்வொன்றும் 160 நியூட்டன் மீட்டர் முறுக்கு. ஜிடி3யில் நடுவில் ஒரே ஒரு பெரிய நட்; அதை 600 நியூட்டன் மீட்டரில் முறுக்க வேண்டும். அதற்கான சாக்கெட்டும் அந்த அளவு டார்க் ரெஞ்சும் பஞ்சர் கடையில் இருக்காது. கடை அண்ணன் நான்கடி பைப் போட்டு ஏறி நின்று முறுக்குகிறேன் என்பார். விடாதீர்கள். இரண்டு காரிலும் ஸ்டெப்னி கிடையாது. பள்ளத்தில் அடித்து டயரின் பக்கவாட்டு கிழிந்தால் லாரியில் ஏற்றுவது தவிர வழியில்லை.

சரி, டிராக்கில் ஏன் கதை தலைகீழாகிறது? 0–100 மட்டும் பார்த்தால் வித்தியாசமே தெரியாது: ஆட்டோமேட்டிக் கியரில் ஜிடி3 3.4 வினாடி, கரேரா எஸ் 3.7. இருங்காட்டுக்கோட்டை டிராக் ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர். முதல் சுற்றில் இரண்டு காரும் ஓரளவு ஒட்டியே போகும். நாலைந்து சுற்று போனதும் கரேராவின் சாலை டயர் அளவுக்கு மேல் சூடாகி வழுக்க ஆரம்பிக்கும். முன் பிரேக் டிஸ்க் அதில் 350 மில்லிமீட்டர், ஜிடி3யில் 408. பெரிய டிஸ்க் அதிக சூட்டை வாங்கிக்கொண்டு சீக்கிரம் ஆறும். முன் சஸ்பென்ஷனும் வேறு. கரேராவில் வழக்கமான மெக்பெர்சன் ஸ்ட்ரட், ஜிடி3யில் சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு கைகள் பிடிக்கும் இரட்டை விஷ்போன். கார் சாயும்போது விஷ்போன் டயரைத் தரையில் தட்டையாக வைத்திருக்கும், அதனால் டயரின் வெளி விளிம்பு மட்டும் தேயாது. இருபது சுற்று ஓட்டினாலும் கடைசிச் சுற்று முதல் சுற்று மாதிரியே இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த கார் அது. மலையில் அந்தத் திறமைக்கு வேலையே வராது. அங்கே வேகத்தை முடிவு செய்வது முன்னால் போகிற ஏற்காடு பஸ்.

பழைய ஜிடி3 வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. முன் டயரின் உட்புற விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். அங்கே மட்டும் மொழுக்கென்று தேய்ந்திருந்தால், முந்தைய சொந்தக்காரர் டிராக்குக்காக கேம்பரை (சக்கரத்தின் சாய்வை) அதிகம் சாய்த்து வைத்திருக்கிறார். சர்வீஸ் சென்டரில் எஞ்ஜின் கம்ப்யூட்டரின் ஓவர்-ரெவ் பதிவையும் (எஞ்ஜின் அளவுக்கு மேல் சுற்றிய கணக்கு) எடுக்கச் சொல்லுங்கள். ஆறு நிலைகளாக வரும். மேல் நிலைகளில் சமீபத்திய பதிவு இருந்தால் ஒதுங்கிவிடலாம். முன்பக்கத்தை உயர்த்தும் ஃப்ரன்ட் லிஃப்ட் இல்லாத வண்டி, சேலம் வேகத்தடைகளுக்கு ஆகாது.

கே: குடும்பத்தோடு ஹேட்ச்பேக்கில் ஏற்காடு போய்விட்டு இறங்கும்போது, பாதி வளைவு தாண்டியதும் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. நிறுத்தி அரை மணி நேரம் கழித்து எடுத்தால் சரியாகிவிட்டது. ரேஸ் கார் பேட் மாட்டினால் தீரும் என்கிறார் மெக்கானிக். மாட்டலாமா?
– வாசகி, ஏற்காடு சாலை, சேலம்

ப: வேண்டாம். கோளாறு பேடில் இல்லை. பேட் சூடாகிப் பிடிப்பு இழந்தால் பெடல் கல் மாதிரி கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. பெடல் உள்ளே அமுங்கினால் காலிப்பரில் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) இருக்கும் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகியிருக்கிறது என்று அர்த்தம். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீங்கள் மிதித்த மிதியெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே போய்விட்டது. ஆறினதும் ஆவி திரவமானது, பெடல் திரும்ப வந்தது. அதை நம்பி அடுத்த வாரம் மறுபடி மலை ஏறாதீர்கள்.

எவ்வளவு சூடு என்று ஒரு கணக்கு. ஆட்கள், சாமான்களோடு 1,400 கிலோ வண்டி சுமார் 1,100 மீட்டர் கீழே இறங்குகிறது. அந்த ஆற்றல் முழுக்க பிரேக்கிலேயே போனால், 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூடு. அதில் பெரும்பகுதியை எஞ்ஜின் தாங்க வேண்டும். இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாம் கியர், வளைவுகளில் தேவைப்பட்டால் முதல் கியர். நியூட்ரலில் விடவே கூடாது. ஆட்டோமேட்டிக் என்றால் எல் அல்லது மேனுவல் நிலையில் போடுங்கள். பிரேக்கை லேசாக மிதித்தபடியே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து முழுசாக விடுங்கள்; விட்டிருக்கும் நேரத்தில்தான் டிஸ்க் ஆறும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும். டாட் 3, டாட் 4 என்பவை அதன் தர வகைகள். டாட் 4 ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி. ஈரம் சேர்ந்த பிறகு தர அளவு 155. டாட் 3 என்றால் 205, 140. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதைப் பலர் பேட் தேயும்வரை தொடுவதே இல்லை. ஒரு லிட்டர் புது டாட் 4 வாங்குங்கள், மூடி திறக்காத டப்பாவாக. பழைய ஆயிலை வெளியேற்றும்போது, மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பாகம்) தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குவது பொது வழக்கம்: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்கு மேலே இருக்கும் டப்பாவில் ஆயில் அடிமட்டத்துக்குப் போகவிடக் கூடாது. போனால் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று நுழையும். பிறகு ஸ்கேனர் இல்லாமல் ஏர் எடுப்பது கஷ்டம். பெயின்ட்டில் ஒரு சொட்டு பட்டாலும் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். டாட் 5 என்று கடையில் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள். அது சிலிக்கோன், உங்கள் வண்டிக்கு ஆகாது, டாட் 5.1 வேறு, அது ஆகும்.

ரேஸ் பேட் ஏன் வேண்டாம் என்றால், அது சூடானால்தான் கடிக்கும். காலையில் வீட்டு வாசலில், சிக்னலில், குளிர்ந்த நிலையில் பிடிப்பு குறைவு. டிஸ்க்கையும் சீக்கிரம் தின்றுவிடும்.

கே: ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டினால் கார் டிராக் கார் மாதிரி தாழ்ந்து, வளைவில் நன்றாகப் பிடிக்கும் என்கிறார்களே?
– வாசகர், ஆத்தூர்

ப: தாழ்வது உண்மை, பிடிப்பது பொய். வேலை செய்யும் சுற்று ஆறு இருக்கும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் மீதி ஸ்பிரிங் 20 சதவீதம் விறைப்பாகும். ஷாக் அப்சார்பரோ பழைய ஸ்பிரிங்குக்காக அளந்து வைத்தது. புது விறைப்பை அதனால் அடக்க முடியாமல் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி இரண்டு மூன்று முறை துள்ளும். துள்ளும் நேரத்தில் டயர் தரையில் இல்லை. ஷாக்கின் பயண தூரமும் குறைந்து, நாலு பேர் உட்கார்ந்தாலே பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் தடுப்பில் இடிக்கும். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணம் மாறுவதால் பள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்பும். வெட்டிய முனை சீட்டில் சரியாக உட்காராமல், ஜாக்கி போட்டுத் தூக்கும்போது ஸ்பிரிங் கழன்று நிற்பதும் உண்டு. வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு வேறு இருக்கிறது. விபத்தில் இன்ஷூரன்ஸ்காரர் அதைத்தான் முதலில் எடுப்பார். அந்தப் பணத்தில் நல்ல டயர் நான்கும் ஒரு அலைன்மென்ட்டும் செய்துகொள்ளுங்கள்.

கே: டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 வாங்குகிறேன். டைனமிக் கிட், ரேஸ் கிட் இரண்டும் போடலாமா? வாரக் கடைசியில் ஏற்காடு, எப்போதாவது கரி டிராக்.
– வாசகர், ஓமலூர்

ப: டைனமிக் கிட் போடுங்கள், ரேஸ் கிட்டை விடுங்கள். ரேஸ் கிட்டில் ஹேண்டில்பார் தாழ்ந்தும் ஃபுட்ரெஸ்ட் உயர்ந்தும் இருக்கும். டிராக்கில் உடம்பை வெளியே தொங்கவிட அது வசதி. மலை இறக்கத்தில் உங்கள் எடை முழுக்க மணிக்கட்டில் இறங்கும், பிரேக் பிடிக்கும் விரல் சோர்ந்துபோகும். டைனமிக் கிட்டில் சஸ்பென்ஷனை நமக்கு ஏற்றபடி திருக முடியும். எடுத்தவுடன் கிளிக்குகளைத் திருகி விளையாடாமல் முதலில் சாக் (sag), அதாவது நீங்கள் உட்காரும்போது வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்று அளவெடுங்கள். பின் சக்கரத்தைத் தரையில் இருந்து தூக்கி ஆக்ஸிலுக்கும் மேலே ஒரு குறிக்கும் இடையே அளந்து, பிறகு ஹெல்மெட், ஜாக்கெட்டோடு உட்கார்ந்து அளக்கவும். வித்தியாசம் 30இலிருந்து 35 மில்லிமீட்டருக்குள் வரும்படி ப்ரீலோட் (ஸ்பிரிங்கை முன்கூட்டி அமுக்கி வைக்கும் அளவு) வையுங்கள். ரீபவுண்டை (அமுங்கிய சஸ்பென்ஷன் திரும்ப எழும் வேகம்) இரண்டு இரண்டு கிளிக்காக, ஒரே சாலையில், ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். கம்பெனி வைத்த எண்ணிக்கையை எழுதி வைத்துவிட்டுத் தொடங்குவது முக்கியம்.

கே: சாதா காருக்கு 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் வேகம் கூடுமா?
– வாசகர், மேட்டூர்

ப: கூடாது. 91க்கு டியூன் செய்த எஞ்ஜினுக்கு 100 கொடுத்தால் பர்ஸ் மட்டும்தான் இளைக்கும். 911 மாதிரி 98க்கு அமைத்த எஞ்ஜினில் குறைந்த ஆக்டேன் ஊற்றினால் பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பதைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சார் ஸ்பார்க்கைத் தள்ளிப்போட்டு பவரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும்; அங்கே எக்ஸ்பி100க்கு (இந்தியன் ஆயிலின் 100 ஆக்டேன் பெட்ரோல்) கொடுக்கிற காசுக்கு வேலை உண்டு.